கேஸ்கட் ஒழுகவில்லை

தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது ஐயா. பாதிப் பேர் செய்கிற தவறு அது. தண்ணீர் பட்டால் எண்ணெய் இன்னும் பரவும். முதலில் மரத்தூளைத் தூவி அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு கூட்டி அள்ளிவிட்டு, சோப்புத் தூளை வெந்நீரில் குழைத்துத் தேய்த்தால் முக்கால்வாசிக் கறை போய்விடும். மிச்சக் கால்வாசி போகாது. மூன்று வருடம் என் ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கால்வாசியோடுதான் கழிந்தன.

உங்கள் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். நீங்கள் உட்காரவைத்து, தாளும் பேனாவும் கொடுத்து, கைப்பட எழுதிக்கொடுங்கள் என்றீர்கள். நல்லதாகப் போயிற்று. வாயால் சொன்னால் எதையாவது விட்டுவிடுவேன், அல்லது நீங்கள் எதையாவது சேர்த்துவிடுவீர்கள். எழுத்து என்றால் ஒவ்வொரு வரிக்கும் நான் பொறுப்பு.

இரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "எஞ்சின் கேஸ்கட்டுகளிலிருந்து கசிந்த எண்ணெய் பின் சக்கரத்தில் பட்டதால் வண்டி வழுக்கியது. வண்டி பழையது. பராமரிப்பு சரியில்லை." போதாக்குறைக்கு லாரி ஓட்டியவரையும் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். அவர் தன் பக்கமாகத்தான் வந்தார். கேஸ்கட் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி அப்பாவுடைய மோட்டார் சைக்கிள். என்னைவிட நாலு வயது சின்னது. எட்டு வருடத்துக்கு முன் அப்பா போனதும் அண்ணன் மாடி வீட்டை எடுத்துக்கொண்டார். எனக்குக் கீழ்வீடும் வண்டியும். அண்ணனிடம் கார் இருந்தது, அதனால் வண்டிக்கு அவர் போட்டி போடவில்லை. "அது உனக்குத்தான்டா செட் ஆகும்" என்றார். அப்போது அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் இருமல் மருந்து அடைக்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பாட்டில் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பெட்டிக்கு இரண்டு பாட்டில் எடுத்துக் கீழே வெள்ளைத் தாள் விரித்துத் தலைகீழாக நிறுத்துவேன். ஒரு மணி நேரத்தில் தாளில் ஒரு புள்ளி விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கத் திரும்பிப் போகும். பதினோரு வருடத்தில் என் கையைத் தாண்டிப் போய் ஒழுகிய பாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. தம்பட்டம் அடிப்பதாக நினைக்க வேண்டாம். பின்னால் தேவைப்படும் என்று சொல்லி வைக்கிறேன்.

வண்டியைக் கழுவுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். புகைபோக்கியின் வாய், காற்று இழுக்கிற வாய், இன்னும் தண்ணீர் புகக் கூடாத ஓட்டைகள் எல்லாவற்றிலும் துணியை அடைத்துவிட்டுத்தான் குழாயைத் திறப்பேன். அதற்கென்று பழைய சட்டை ஒன்றைக் கிழித்து ஆறு துண்டுகள் வைத்திருந்தேன். ஒன்று எப்போதோ எங்கேயோ போய்விட்டது. மற்ற ஐந்தும் கருவிப் பெட்டியில் மடித்தபடியே இருக்கும், பாருங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் வாசலை உடைத்து வெள்ளைத் தரை போட்டார். வண்டி நிற்கிற இடத்தில் வெள்ளைத் தரை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தரை ஓடு வெட்டிய தூசி வண்டி முழுக்க அப்பிக் கிடந்தது. வேலையாட்கள் போன அன்றைக்கே உட்கார்ந்து கழுவினேன். இண்டு இடுக்கெல்லாம் தூசி. மனைவி சாப்பிட வரச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள், நாலாவது முறை அவள் குரலே மாறிவிட்டது. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி வாரிப் பெட்டியில் திணித்துவிட்டு எழுந்தேன். அடுத்த வாரம் வெள்ளைத் தரையில் முதல் சொட்டு விழுந்தது.

கேஸ்கட் என்பது இரண்டு உலோகப் பாகங்கள் சேருகிற இடத்தில் வைக்கிற மெல்லிய அட்டை. மெக்கானிக்குகள் பேக்கிங் என்பார்கள். எஞ்சினின் தலையில் ஒன்று, அடியில் ஒன்று, பக்கவாட்டு மூடிகளில் ஒவ்வொன்று. முதல் சொட்டு மேல்மூடியிலிருந்து வந்தது. புதிய கேஸ்கட் வாங்கிப் போட்டேன். மேலே நின்றது, வலது பக்கம் கிளம்பியது. வலது பக்கத்தைக் கழற்றி மாட்டினேன். அடிப்பக்கம் வியர்க்க ஆரம்பித்தது. அடிப்பக்கத்தைச் சரிசெய்ய எஞ்சினையே இறக்கினேன். இறக்கி ஏற்றி முடித்தபோது மேல்மூடி மறுபடி ஒழுகியது.

இந்த வேலையைச் செய்தவனுக்குத்தான் அதன் கடுப்பு தெரியும். பழைய கேஸ்கட் லேசில் வராது. பிளேடால் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் அலுமினியத்தில் கீறல் விழும், கீறல் வழியாக ஒழுகும். அழுத்தாமல் விட்டால் பழைய துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த மேடு வழியாக ஒழுகும். பசையைக் குறைத்தாலும் ஒழுகும், கூட்டினால் உள்ளே பிதுங்கி வேறு வினையைக் கொண்டுவரும். போல்ட்டைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். கடைசி கால் சுற்றில் மரை கழன்றுவிட்டால் ஒரு வார வேலை போச்சு. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பி, தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து, தரையில் முட்டி போட்டுக் குனிந்து பார்ப்பேன். கறுப்பாக ஒரு மணி கட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். விழுவதா வேண்டாமா என்று யோசிப்பது போலத் தொங்கும். பிறகு விழும்.

எனக்கு அழுகை வந்த ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. நாற்பத்திரண்டு வயதுக்காரன் ஒரு சொட்டு எண்ணெய்க்காக அழுதேன் என்று எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். செயினில் இரண்டு விரலைக் கொடுத்தவர், அதனால் எல்லோரும் அவரை மூணு விரல் என்பார்கள், கூப்பிட்டால் அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். முதல் வருடமே அவரிடம் ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னேன்.

"சார், வண்டி மூச்சு விடுதா? பின்னாடி ஒரு ரப்பர் குழாய் போகுமே, அத பாத்தீங்களா?" என்றார்.

எஞ்சின் ஓடும்போது உள்ளே சேருகிற காற்று வெளியே போவதற்காக ஒரு சின்னக் குழாய் உண்டு. பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அது எனக்குத் தெரியாதது இல்லை. நேற்று வண்டி ஓட்டப் பழகியவனிடம் கேட்பது மாதிரி அவர் கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாம் பாத்தாச்சு" என்றேன்.

"அப்ப சரி சார்" என்று அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இனி அண்ணன். நீங்கள் அவரை அந்த நிலைமையில்தான் பார்த்தீர்கள், அதனால் சொல்கிறேன். அவர் சிரித்த முகம். யாரைப் பார்த்தாலும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார், வைக்கப்பட்டவரும் சேர்ந்து சிரிப்பார். என் வண்டிக்கு ஒழுகுமூக்கன் என்று பெயர் வைத்தார். ஒரே மாதத்தில் அந்தப் பெயர் எனக்கு வந்துவிட்டது. பால் போடுகிறவர் வந்து, "ஒழுகுமூக்கர் வீட்டுக்கு எத்தன பாக்கெட்டு?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டதை என் காதால் கேட்டேன்.

அண்ணி எண்ணெய்க் கறையைச் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போடுவார். புதிய கறை எது, பழைய கறை எது என்று தெரிய வேண்டுமாம். போன வருடக் கடைசியில் சொந்தக்காரர்கள் எல்லோரும் வீட்டில் கூடியிருந்த ஒரு நாள். அண்ணன் கடைக்குப் போய்க் குழந்தைகளுக்குக் கட்டுகிற டயப்பர் ஒன்றை வாங்கிவந்து, எஞ்சினுக்கு அடியில் கட்டிவிட்டு எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டார்.

"ஊர்ல இருக்குற பாட்டிலுக்கெல்லாம் மூடி பாக்குற ஆபீசரு. வீட்டுல ஒரு எஞ்சின மூடத் தெரியல பாருங்க" என்றார்.

சிரிக்காதவர்கள் இல்லை. என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திக்கொண்டாளே என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன். நானும் சிரித்தேன்.

"தம்பி, கோச்சுக்காதடா" என்று அண்ணன் தோளில் கை போட்டார். "எல்லார் முன்னாடியும் சொல்றேன். ஒரு வாரம் இது ஒரு சொட்டுகூட விடாம நிக்கட்டும். நானே இதுல ஏறி மலைப்பாதை உச்சி வரைக்கும் போய்ட்டு வரேன். அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் டைம். அப்பவும் ஒழுகுச்சுன்னா பழைய இரும்புக்காரன கூப்பிட்டுருவேன், ஆமா."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இந்த வருடம் பாதி போனதும் அண்ணி ஒரு நாள் பழைய இரும்புக்காரரை வாசலுக்கே கூட்டிவந்து வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் டயரை எட்டி உதைத்துப் பார்த்தார். என் வண்டி, என் கை, என் பதினோரு வருடம். அது ஒழுகாமல் நின்றே ஆக வேண்டும், அதை நிறுத்தியது நான்தான் என்று அந்த வீடு ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் எனக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை.

போன மாதம் தொழிற்சாலையில் ஒரு நாள் வரிசை வரிசையாகப் பாட்டில்கள் ஒழுகின. மூடியை மாற்றினேன், ஒழுகியது. இயந்திரத்தை இறுக்கினேன், ஒழுகியது. மூடி அனுப்பியவர்களைத் தொலைபேசியில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். மருந்தைப் பரிசோதிக்கிற அம்மா வந்து ஒரு பாட்டிலைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது.

"மூடிமேல ஏன் கோவப்படுறீங்க? உள்ள மருந்து பொங்கியிருக்கு. காத்து தள்ளுது. தங்கத்துல மூடி செஞ்சு போட்டாலும் ஒழுகத்தான் செய்யும்" என்றார்.

நான் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அந்த ரப்பர் குழாயை வெளியே இழுத்தேன். வாயில் துணி அடைத்திருந்தது. விரல் கனத்துக்கு முறுக்கி உள்ளே திணித்த துணி. எண்ணெயில் ஊறி, சூட்டில் வெந்து, கல்லாகிக் கிடந்தது. மூன்று வருடமாக எஞ்சின் மூச்சு விட வழியில்லாமல், கிடைத்த இடுக்கு வழியாகவெல்லாம் எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. என் கேஸ்கட்டுகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பதினேழு கேஸ்கட்டும் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

துணியை வெட்டிப் பார்த்தேன். உள்ளே நீலக் கோடு தெரிந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்க பழைய கோடு போட்ட சட்ட மாதிரி இல்ல?" என்றாள். ஊரில் பாதிப் பேரிடம் நீலக் கோடு போட்ட சட்டை இருக்கும். அண்ணனிடமும் ஒன்று இருந்தது.

பிறகு நிதானமாக யோசித்தேன். அந்தக் குழாய் நன்றாக இருக்கும் காலத்திலும் எப்போதாவது ஒரு சொட்டு விடும். கீழே புதிதாக வெள்ளைத் தரை. தரை அழுக்காகக் கூடாது என்று கவலைப்பட்டவர் அந்த வீட்டில் யார்? தரை போட்டதற்கு அடுத்த வாரம்தானே ஒழுக ஆரம்பித்தது? யார் செய்தது என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. அண்ணனே அடைத்துவிட்டு, மூன்று வருடம் என்னைக் கூத்தாடி மாதிரி நிறுத்திவைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்.

துணியை எடுத்துவிட்டு, எல்லா கேஸ்கட்டையும் கடைசியாக ஒரு முறை மாற்றினேன். தினமும் வண்டிக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து, தேதி போட்டேன். முதல் நாள் சுத்தம். இரண்டாம் நாள் சுத்தம். எனக்கு உடம்பெல்லாம் லேசானது மாதிரி இருந்தது. இத்தோடு நின்றிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை அண்ணன் மாடிப்படி இறங்கி வந்தார். தாளைப் பார்த்தார். குனிந்து எஞ்சினுக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

"பரவாயில்லையே. மூணு விரல் நல்லா வேல பண்ணியிருக்கானே" என்றார்.

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். இல்லை, நான்தான் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் கார் திரும்பிவிட்டது.

அன்று சாயங்காலம் அந்த ரப்பர் குழாயின் வாயைப் பின் சக்கரத்தின் பக்கம் திருப்பிக் கட்டினேன். எஞ்சினில் எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினேன். வண்டி நின்றால் ஒன்றும் வராது. தெருவில் ஓட்டினாலும் வராது. நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் முக்கும்போதுதான் மிச்ச எண்ணெய் குழாய் வழியாக வெளியே வரும். சும்மா நம்பிவிடுகிற ஆள் நான் இல்லை. சக்கரத்துக்கு முன்னால் ஓர் அட்டையைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் நானே பாதி தூரம் போய்ப் பார்த்தேன். அட்டை நனைந்திருந்தது. டயரைத் துடைத்து, குறைந்த எண்ணெயை மறுபடி ஊற்றி வைத்தேன். தாள் ஆறாம் நாளும் சுத்தமாக இருந்தது. ஏழாம் நாளும் அப்படியே. ஏழு தாளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தாள்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீயேவாடா பண்ண?"

"நானேதான் அண்ணா."

"மூணு விரல் இல்ல?"

"அவர் கை வண்டியிலயே படல."

அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. "ஜெயிச்சுட்டடா" என்றார். "அப்பா இருந்திருந்தா தூக்கி வச்சு ஆடியிருப்பாரு. நான்தான் ரொம்ப ஓட்டிட்டேன்ல? மனசுல வச்சுக்காதடா." பிறகு உள்ளே பார்த்து, "ஏய், வெளிய வா. தம்பி என்ன பண்ணியிருக்கான் பாரு. இன்னிக்கே நான் மலைக்குப் போறேன், சொன்னா சொன்னதுதான்" என்று அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி வந்து சுண்ணாம்புக்கட்டியை என் கையிலேயே கொடுத்து, "இனிமே இதுக்கு வேலயில்ல" என்றார்.

ஐயா, மூன்று வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள் எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டன. குழாயை மறுபடி தரைப்பக்கம் திருப்ப ஐந்து நிமிடம் போதும். பக்கவாட்டு மூடியில் இரண்டே திருகு. ஆனால் திருப்புளி உள் அறையில் இருந்தது. அதை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள். ஏதோ இன்னும் சரியாகவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணனிடம் தலைக்கவசம் இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். பட்டையை மாட்டத் தெரியாமல் தடுமாறினார், நானே மாட்டிவிட்டேன். தாடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். சரியாக இருக்கிறது என்றார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. "சத்தத்த கேளுடா, புது வண்டி மாதிரி இருக்கு" என்றார். கடைசியாக அவர் பேசியது அதுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றம் பன்னிரண்டு நிமிடம். அதன் பிறகு இறக்கம், வளைவுகள். நான் வாசலில் நின்று தரையைத் துடைத்தேன். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. நாலாவது வளைவில் என்று பிறகு சொன்னார்கள். மூன்றாவதிலேயே நடக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

ஆகவே அறிக்கையை இப்படித் திருத்த வேண்டும். எண்ணெய் கேஸ்கட்டிலிருந்து கசியவில்லை. குழாய் வழியாக வந்தது, வரவைத்தது நான். என் அண்ணனைக் கொன்றது நான். பராமரிப்பில் எந்தக் குறையும் இல்லை. எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் எல்லா கேஸ்கட்டும் உலர்ந்து இருப்பதைப் பார்ப்பீர்கள்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, கொண்டுவந்த துணியை மூணு விரலிடம் காட்டியதாக இப்போது வந்து சொன்னீர்கள். கழுவும்போது தண்ணீர் போகாமல் அடைத்து வைத்து, எடுக்க மறந்த மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னாராம். வண்டியைக் கழுவியது யார் என்று அதனால்தான் கேட்டீர்கள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எட்டு வருடமாக அந்த வண்டியைக் கழுவியது நான் ஒருவன்தான், வேறு யாரையும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற விட்டதில்லை. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன், அது மறந்து விட்டதாக இருக்கவே முடியாது.